கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்று வந்த பிறகும் ஸ்டெரால் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எங்கள் மகனுக்கு 5 மாதம். பால் குடிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் களைத்துவிடுகிறான், எடை சரியாக ஏறவில்லை. இரண்டு பாதங்களிலும் 2ஆம், 3ஆம் விரல்கள் ஒட்டியிருக்கின்றன. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே இருக்கிறது. தலைச் சுற்றளவும் வயதுக்குக் குறைவு என்கிறார்கள். கொலஸ்ட்ரால் பார்த்ததில் 104 வந்தது. '200க்குக் கீழ் இருப்பது நல்லது' என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருந்ததால் நிம்மதியாக இருந்தோம். மரபியல் மருத்துவரோ அதைப் பார்த்துவிட்டு, 'ஸ்டெரால் பரிசோதனை' செய்ய வேண்டும், அடுத்த வாரம் இரத்தம் எடுத்து வெளியே அனுப்பலாம் என்கிறார். கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கும்போது இது எதற்கு? முட்டை மஞ்சள் கரு கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? இன்னொன்று, மருத்துவரிடம் சொல்லத் தயங்கியது. கர்ப்பக் காலம் முழுக்க இரவில் டிராசோடோன் மாத்திரை சாப்பிட்டேன், இப்போதும் சாப்பிடுகிறேன். அதனால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரை விஷயம், ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் அந்த 104 பற்றிப் பேசிவிடலாம்.

'200க்குக் கீழ்' என்ற அளவு பெரியவர்களுக்கானது, மாரடைப்பு அபாயத்தை மனதில் வைத்துப் போட்டது. அந்தக் கணக்கில் எண் குறையக் குறைய நல்லது. உங்கள் மருத்துவரின் கேள்வி நேர் எதிரானது. குழந்தையின் உடல் தேவையான கொலஸ்ட்ராலைச் செய்துகொள்கிறதா என்று அவர் பார்க்கிறார். பிறக்கும்போது கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கும், பிறகு மாதாமாதம் ஏறும். 5 மாதத்தில் 104 என்பது குறைந்த பக்கம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது, நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. அச்சிட்ட அளவு குழந்தையின் வயதுக்கு ஏற்றதா என்று யாரும் கவனிக்காமல் கையில் கொடுத்துவிட்டார்கள். இது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, மருத்துவர் ஏன் கொலஸ்ட்ரால் பக்கம் போனார்? 2ஆம், 3ஆம் கால்விரல் ஒட்டியிருப்பது தனியாக இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த நோயும் இல்லாத பல குடும்பங்களில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் அப்படி இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அதோடு பால் குடிப்பதில் சிரமம், சிறிய தலை, சிறுநீர்த் துளை இடம் மாறியிருப்பது எல்லாம் ஒரே குழந்தையிடம் சேரும்போது, ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற பிறவிக் கோளாறு நினைவுக்கு வரும். இந்தக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு விரல்கள் ஒட்டியிருக்கும்.

கொலஸ்ட்ரால் என்றாலே இரத்தக் குழாயில் படியும் கொழுப்பு என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். கருவில் வளரும் குழந்தைக்கு அது கட்டுமானப் பொருள். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. பித்த அமிலம், அட்ரினல் ஹார்மோன்கள், பாலியல் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. முகம், மூளை, கைகால் விரல்கள் எப்படி அமைய வேண்டும் என்று செல்களுக்குச் செய்தி கொண்டுபோகும் ஹெட்ஜ்ஹாக் என்ற ஒரு புரதம் உண்டு. அதன் மேல் ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒட்டியிருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஒட்டிய விரலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்களானால், இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கதை. 1964இல் டேவிட் ஸ்மித், லூக் லெம்லி, ஜான் ஓபிட்ஸ் மூவரும் ஒரே மாதிரி அடையாளங்கள் கொண்ட 3 குழந்தைகளை விவரித்தார்கள். அதே 1964இல்தான், கொலஸ்ட்ராலையும் கொழுப்பு அமிலங்களையும் உடல் எப்படிக் கையாள்கிறது என்று கண்டறிந்ததற்காகக் கொன்ராட் பிளாக்குக்கும் ஃபியோதர் லீனனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கேள்வியும் விடையும் ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன, ஒன்றையொன்று பார்க்கவில்லை. இந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்து, அதற்கு முந்தைய பொருள் குவிந்து கிடக்கிறது என்று தெரிய 1993 வரை ஆனது. காரணமான டிஎச்சிஆர்7 மரபணு 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1964க்கும் 1993க்கும் நடுவே கழிந்த 29 ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் காரணமே தெரியாமல் அலைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உடல் கொலஸ்ட்ராலை ஒரே வீச்சில் செய்துவிடுவதில்லை. சுமார் 30 படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி தன் பங்கைச் செய்து அடுத்த நொதியிடம் தள்ளுகிறது. ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸில் கடைசிப் படியின் நொதி பழுது. மேலே சொன்ன டிஎச்சிஆர்7 மரபணு உருவாக்கும் நொதி அதுதான், அதற்கும் அதே பெயர். அது மாற்றியிருக்க வேண்டிய பொருளின் பெயர் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால். நாங்கள் சுருக்கமாக 7-டிஎச்சி என்போம். (தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி ஆவதும் இதே பொருள்தான்.) கடைசி மதகு அடைத்துக்கொண்டால் கீழே வயலுக்குத் தண்ணீர் குறையும், மேலே வாய்க்காலில் தேங்கும். சாதாரணப் பரிசோதனை வயலைத்தான் பார்க்கிறது. ஸ்டெரால் பரிசோதனை தேங்கியதைப் பார்க்கிறது. (கொலஸ்ட்ராலும் அதைப் போன்ற உறவுப் பொருட்களும் சேர்ந்த குடும்பத்துக்குத்தான் ஸ்டெரால் என்று பெயர்.)

வயலையாவது அது சரியாகப் பார்க்கிறதா என்றால், அதிலும் ஒரு கோளாறு. 7-டிஎச்சிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு, அதாவது 2 ஹைட்ரஜன் அணுக்கள். சாதாரண ஆய்வகக் கருவி ஒரு நொதியை வைத்துக் கொலஸ்ட்ராலை அளக்கிறது. அந்த நொதி மூலக்கூறின் வேறொரு பகுதியைத்தான் பிடிக்கும். இந்த 2 அணுக்கள் குறைந்திருப்பது அதன் கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துக் 'கொலஸ்ட்ரால்' என்றே எண்ணிவிடும். ஒரு பேச்சுக்கு, உங்கள் மகனின் 104இல் 20 என்பது 7-டிஎச்சியும் அதன் உடன்பிறப்பான 8-டிஎச்சியும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கொலஸ்ட்ரால் 84தான். அறிக்கையோ 104 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். தவிர, இந்தக் கோளாறு உறுதியானவர்களில் ஏறக்குறைய 10இல் ஒருவருக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் வயதுக்குரிய அளவிலேயே இருக்கும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து இந்த நோய் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. உங்கள் மருத்துவர் அந்த இடத்தில் நிற்காமல் மேலே போனதற்கு நன்றி சொல்லுங்கள்.

ஸ்டெரால் பரிசோதனையில் என்ன செய்கிறோம்? 1 மில்லிலிட்டருக்கும் குறைவான பிளாஸ்மாவே போதும். குழந்தையைப் பட்டினி போட வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே எடை ஏறாத குழந்தையை, யாரோ வழக்கமாகச் சொல்லும் 'வெறும் வயிறு' பேச்சைக் கேட்டுக் காலை முழுக்கப் பால் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மாதிரியை வெளிச்சம் படாமல் மூடி, உறைய வைத்து அனுப்பச் சொல்வோம். 7-டிஎச்சி வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் சிதையும் பொருள். ஆய்வகத்தில் காரம் சேர்த்துச் சூடாக்கி ஸ்டெரால்களைக் கொழுப்பு அமிலங்களிடமிருந்து பிரித்தெடுத்து, வாயு குரோமட்டோகிராபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற இரட்டைக் கருவியில் ஓட்டுவோம். ஒவ்வொரு ஸ்டெராலும் தனித்தனி நேரத்தில், தனித்தனி முகடாக வெளியே வரும். நலமான குழந்தையில் கொலஸ்ட்ரால் முகடு மலை மாதிரி நிற்கும். 7-டிஎச்சி பக்கத்தில் கடுகு மாதிரி, டெசிலிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் குழந்தைகளில் அது வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேலே போய்விடும். அப்படியொரு படத்தைத் திரையில் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் புது ஆளுக்குக்கூட விளக்கம் தேவைப்படாது.

அறிக்கை வந்ததும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்றும், சில மைக்ரோமோல் என்றும் கொடுக்கும். முதல் அலகில் 1 என்பது இரண்டாவதில் 10, மூன்றாவதில் சுமார் 26. இது தெரியாமல் வேறொரு குழந்தையின் எண்ணோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தாளில் இன்னும் சில பெயர்கள் இருக்கும். டெஸ்மோஸ்டெரால் மிக அதிகமானால் வேறொரு படியில் அடைப்பு, லாதோஸ்டெரால் அதிகமானால் 7-டிஎச்சி உருவாகும் படியில். 8-டிஎச்சியோடு 8(9)-கொலஸ்டெனாலும் ஏறியிருந்தால் கொன்ராடி-ஹ்யூனர்மன்-ஹாப்பிள் என்ற எக்ஸ் குரோமோசோம் சார்ந்த கோளாறை நினைப்போம், அது பெரும்பாலும் பெண் குழந்தைகளில் தோல் கோடுகளோடு வரும். இவையெல்லாம் அரிதிலும் அரிது. உங்கள் மகனின் அடையாளங்கள் இவற்றைச் சுட்டவில்லை. சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால் என்ற தாவர ஸ்டெரால்களும் பட்டியலில் வரலாம். சோயா எண்ணெய் கலந்த கொழுப்புத் திரவம் நரம்பு வழியாக ஏற்றப்பட்ட குழந்தைகளில் அவை தாமாகவே ஏறியிருக்கும், பால் பவுடர் குடிக்கும் குழந்தைகளிலும் ஓரளவு தெரியும். அதை நோய் என்று நினைத்து அலறி எழுதிய கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன.

இப்போது மாத்திரை.

மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டிராசோடோன், டிஎச்சிஆர்7 நொதியைத் தடுக்கும் மருந்து. மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிபிரசோல், கேரிபிரசின், ஹாலோபெரிடால் ஆகியவையும் அப்படித்தான். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு மரபணு முழுக்க நலமாக இருந்தாலும் இரத்தத்தில் 7-டிஎச்சி ஏறும், சிலரில் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸோ என்று சந்தேகப்படும் அளவுக்கே ஏறும். கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டிருந்தால் பிறந்த குழந்தையின் இரத்தத்திலும் அது பிரதிபலிக்கும். மருந்து தொடர்பு நின்ற பிறகு மெதுவாக இறங்கும். உங்கள் மகன் பிறந்து 5 மாதம் ஆகிவிட்டது என்றாலும், நீங்கள் இன்னும் சாப்பிடுகிறீர்கள். தாய்ப்பால் கொடுத்தால் சிறிதளவு பால் வழியாகவும் போகும். ஆகவே அறிக்கையில் 7-டிஎச்சி லேசாக ஏறியிருந்தால், அது நோயின் குரலா மாத்திரையின் குரலா என்று பிரிக்க வேண்டியிருக்கும். மாத்திரை பற்றித் தெரியாத மருத்துவர் அதைப் பிரிக்க முடியாது.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், 7-டிஎச்சி நடுத்தரமாக ஏறியிருந்த ஒரு இளைஞனின் அறிக்கையில் 'கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மருந்துப் பட்டியலைக் கேட்கவில்லை. மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் அவன் அரிபிபிரசோல் சாப்பிடுவது தெரிந்தது. நடுவே அந்தக் குடும்பம் சில மாதங்கள் ஒரு பொய்ப் பெயரைச் சுமந்தது. அதன் பிறகு மருந்து விவரம் இல்லாத படிவம் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

மாத்திரையால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா என்று கேட்டீர்கள். ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் உறுதியானால், அதற்குக் காரணம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணு மாற்றம். நீங்கள் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மரபணு அதுவாகவேதான் இருந்திருக்கும். மாத்திரை ஒரு மரபணு நோயை உண்டாக்காது. அதனால் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அதே நேரம், இந்த நோய் உறுதியானால் இந்த வகை மருந்துகள் குழந்தைக்கே பிற்காலத்தில் தேவைப்பட்டாலும் தவிர்க்கப் பார்ப்பார்கள், ஏற்கெனவே தடுமாறும் நொதியை இன்னும் தடுக்கக் கூடாதல்லவா. உங்கள் மாத்திரையை மட்டும் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தூக்கமும் மனமும் குலையும், குழந்தைக்குத் தெளிவான அம்மா வேண்டும். உங்களுக்கு அதை எழுதிக் கொடுத்தவரிடம் இந்தக் கடிதத்தின் சாரத்தைச் சொல்லி, மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். படிப்படியாக மாற்றலாமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

முடிவுகள் எப்படி வரலாம்? 7-டிஎச்சி பல மடங்கு ஏறி, கொலஸ்ட்ரால் தாழ்ந்திருந்தால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. அப்போதும் மரபணுச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், ஏனென்று அடுத்த குழந்தை பற்றிச் சொல்லும்போது புரியும். லேசாக ஏறியிருந்தால் அங்கேதான் நிதானம் வேண்டும். மருந்து விவரத்தோடு மறுபடி மாதிரி எடுப்பார்கள், மரபணுவைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, கொழுப்பு இல்லாத ஊடகத்தில் செல்களை வளர்த்து, அவை தாமாகக் கொலஸ்ட்ரால் செய்கின்றனவா என்று பார்ப்பதும் உண்டு. எல்லாமே சாதாரண அளவில் வந்தால் ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்ற சந்தேகம் கிட்டத்தட்ட நீங்கிவிடும். ஆனால் மருத்துவர் வேறு மரபணுக்களைத் தேட ஆரம்பிப்பார், அது நல்லதுதான். இந்தக் குழந்தைக்கு ஏதோ ஒரு விளக்கம் தேவை. கொலஸ்ட்ரால் உற்பத்தியின் சில கோளாறுகளில் இரத்த ஸ்டெரால் சாதாரணமாகவே இருக்கும் என்பதும் உண்மை.

முட்டை மஞ்சள் கரு பற்றி. வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழு அபத்தம் அல்ல. இந்தக் கோளாறு உறுதியான குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ராலை மஞ்சள் கருவாகவோ தூய பொடியாகவோ கொடுப்பது வழக்கத்தில் உள்ள சிகிச்சைதான். எடை, வளர்ச்சி முன்னேறுவதாகப் பல பெற்றோரும் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நுழைவதில்லை, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். அதனால் மஞ்சள் கருவால் 'எல்லாம் சரியாகும்' என்று யாரும் உறுதி தர முடியாது. உறுதி ஆகும் வரை, அதுவும் அடுத்த வாரம் இரத்தம் எடுக்கும் வரை, வேண்டாம். விழுங்குவதில் சிரமப்படும் 5 மாதக் குழந்தைக்குப் புதிதாக எதையும் வாயில் வைப்பதற்கு முன் விழுங்கும் திறனைப் பார்க்க வேண்டும், மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆபத்து. இப்போது கொடுக்க வேண்டியது போதுமான பால். அது இறங்கவில்லை என்றால் மூக்கு வழிக் குழாய் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நோய் உறுதியானால் கேட்க வேண்டிய இன்னொன்று அட்ரினல் சுரப்பி. சில குழந்தைகளில் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடியில் அது தேவையான அளவு கார்டிசால் சுரக்காமல் போகலாம். சிறுநீர்த் துளைக்கான அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். வெயிலிலும் இந்தக் குழந்தைகளின் தோல் சீக்கிரம் சிவந்து எரியும்.

அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கு இன்றைக்குப் பதில் இல்லை, முதலில் பெயர் வேண்டும். ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்று தெரிந்தால், நீங்களும் உங்கள் கணவரும் பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர்கள் என்று பொருள். உங்கள் இருவருக்கும் நோய் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 4இல் 1 வாய்ப்பு, முந்தைய குழந்தைக்கு வந்ததா இல்லையா என்பது அதை மாற்றாது. நீங்கள் சுமப்பவரா என்று உங்கள் இரத்தத்தில் ஸ்டெரால் அளந்து பார்ப்பதில் பயனில்லை. சுமப்பவர்களின் அளவும் மற்றவர்களின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று விழும், உங்கள் விஷயத்தில் மாத்திரை வேறு. அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. மகனிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் 10 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ அதையே நேராகத் தேடலாம். பனிக்குட நீரில் 7-டிஎச்சியையே அளப்பதும் உண்டு. மரபணுச் சோதனையை விட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

அடுத்த வாரம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பரிசோதனைப் படிவத்தில் மருந்தின் பெயர், அளவு, எந்த மாதத்திலிருந்து சாப்பிடுகிறீர்கள், தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, மகனுக்கு எப்போதாவது இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றினார்களா, இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதட்டும். எங்களைப் போன்றவர்கள் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது வழக்கம்.